சில்லுகளின் கதை – 23: ஹூடினி காட்டிய வித்தை

2012 ஏப்ரல் மாதக் கடைசியில் இந்தியக் கடைகளுக்கு ஒரு புது போன் வந்தது. லாவா நிறுவனத்தின் ஸோலோ எக்ஸ்900. விலை சுமார் 22,000 ரூபாய். நான்கு அங்குலத்துக்குச் சற்றே பெரிய திரை, 8 மெகாபிக்சல் கேமரா, ஒரு ஜிபி ரேம். ஆண்ட்ராய்டு 4.0 வெளியாகி அரை ஆண்டு கழிந்த பிறகும் உள்ளே 2.3தான் இருந்தது. அந்த விலைக்குக் கிடைத்த மற்ற போன்களைவிட இது உசத்தி என்று சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் இன்டெல்லின் மெட்ஃபீல்ட் சிப்பைத் தாங்கி உலகிலேயே முதலில் விற்பனைக்கு வந்த ஸ்மார்ட்போன் அதுதான். சீனாவில் லெனோவோவும் பிரிட்டனில் ஆரஞ்சும் அதற்குப் பிறகே கடைக்கு வந்தன. மேசைக் கணினியை முப்பது ஆண்டுகளாகக் கட்டி ஆண்ட நிறுவனம், கைபேசிச் சந்தைக்குள் கால் வைத்த இடம் நம்முடைய கடைவீதி.

தாமதமான நுழைவுதான். கையில் இருந்த எக்ஸ்ஸ்கேல் என்ற ஆர்ம் வகைச் சிப் தொழிலை 2006 ஜூனில் மார்வெல்லுக்கு 60 கோடி டாலருக்கு இன்டெல் விற்றதையும், ஐபோனுக்குச் சிப் செய்து தரும் வாய்ப்பைக் கைவிட்டதையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். பிறகு ஞானோதயம் வந்தது. 2011 செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ மேடையில் இன்டெல் தலைவர் பால் ஒட்டெலினியும் கூகுளின் ஆண்டி ரூபினும் சேர்ந்து நின்று, இனி ஆண்ட்ராய்டு இன்டெல் சிப்புக்கும் ஏற்றபடி செதுக்கப்படும் என்று அறிவித்தார்கள். 2012 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் போனையே காட்டினார்கள்.

அப்போது தொழில்நுட்பப் பத்திரிகைகள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டன: பேட்டரி தாங்குமா? இன்டெல்லின் எக்ஸ்86 குடும்பச் சிப் மின்சாரத்தைக் குடித்துத் தீர்த்துவிடும் என்பது அன்றைய பொது நம்பிக்கை. போனைச் சோதித்தவர்கள் பேட்டரி சுமாராக நன்றாகவே தாங்குகிறது என்று எழுதியதும், பந்தயத்தில் இன்டெல் இருக்கிறது என்ற பேச்சு கிளம்பியது. இன்டெல் தோற்றது சிப்பில் இல்லை என்பது என் கட்சி. யாரோ எங்கோ எழுதிவைத்திருந்த, எஸ்ஓ என்ற வால் கொண்ட சின்னச் சின்னக் கோப்புகளில்தான் அது தோற்றது. அந்தக் கோப்புகளின் கதைதான் இந்த வாரம்.

•

ஆண்ட்ராய்டு பிறந்தபோது சிப் எது என்ற கேள்வியே எழக்கூடாது என்பதுதான் திட்டம். நிரலை ஜாவாவில் எழுது. அது எந்தச் சிப்புக்கும் சொந்தமில்லாத ஒரு நடுக் குறியீடாக மாறும். போனுக்குள் இருக்கும் டால்விக் என்ற மெய்நிகர் பொறி அதைப் படித்து ஓட்டும். டான் போர்ன்ஸ்டைன் உருவாக்கிய அந்தப் பொறிக்கு ஐஸ்லாந்தில் உள்ள ஒரு மீனவ ஊரின் பெயர். ஆர்ம் ஆனாலும் இன்டெல் ஆனாலும் டால்விக்கைப் புதிதாகச் செய்து கொடுத்துவிட்டால் போதும், செயலிகள் எல்லாம் அப்படியே ஓடும். காகிதத்தில் அழகான ஏற்பாடு.

2008 அக்டோபரில் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான டி-மொபைல் ஜி1இல் இருந்தது 528 மெகாஹெர்ட்ஸ் குவால்காம் சிப். நடுக் குறியீட்டை ஒவ்வொரு கட்டளையாகப் படித்துப் படித்து ஓட்டும் டால்விக், அந்தச் சிப்பின் மேல் நகர்ந்த வேகத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அடிக்கடி ஓடும் பகுதிகளை ஓட்டத்தின் நடுவிலேயே எந்திரக் குறியீடாக மாற்றிக்கொள்ளும் வசதி 2010இல் ஆண்ட்ராய்டு 2.2 வந்த பிறகுதான் கிடைத்தது. அதுவரை விளையாட்டு எழுதுபவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களிடம் சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளில் ஏற்கெனவே எழுதித் தேறிய நிரல்கள் மலைபோல் இருந்தன. ஒலி, ஒளிக் கோப்புகளை விரிக்கும் கோடெக்குகள், இயற்பியல் கணக்குப் பொறிகள், எழுத்துரு நிரலகங்கள் எல்லாமே அந்த மொழிகளில்தான்.

அவர்களுக்காக 2009 ஜூனில் கூகுள் என்டிகே என்ற கருவித்தொகுப்பை வெளியிட்டது. அறிவித்தவர் டேவிட் டர்னர். உலகில் பாதிக் கணினிகளுக்கு எழுத்தை வரைந்து தரும் ஃப்ரீடைப் நிரலகத்தை எழுதியவரும் இவரே. தொகுப்புக்குள் இருந்தவை ஜிசிசி கம்பைலர், சில ஹெடர் கோப்புகள், போனில் என்றைக்கும் இருக்கும் என்று உறுதி தரப்பட்ட விரல்விட்டு எண்ணக்கூடிய நிரலகங்கள். பெரும்பாலான செயலிகளுக்கு இது தேவைப்படாது, யோசித்துக் கை வையுங்கள் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. அதை யார் கேட்டார்கள்?

என்டிகே தரும் விளைபொருள் ஓர் எஸ்ஓ கோப்பு. அதற்குள் இருப்பது நடுக் குறியீடு அல்ல. குறிப்பிட்ட ஒரு சிப் குடும்பத்துக்கு மட்டுமே புரியும் எந்திரக் கட்டளை. செயலியின் பொட்டலத்துக்குள் 'லிப்' என்ற அடைவு. அதற்குள் சிப் குடும்பத்தின் பெயரில் ஓர் உள்ளடைவு. அதற்குள் இந்தக் கோப்பு. 2009இல் இருந்தது ஆர்மியேபி என்ற ஒரே உள்ளடைவுதான். இருப்பது ஒன்றே ஒன்று என்றபோதும் அதற்குத் தனிப் பெயர் கொடுத்து வைத்ததில் ஒரு முன்யோசனை தெரிகிறது.

ஒன்று ஒன்றாகவே இருக்கவில்லை. அந்த முதல் அடைவு, மிதவைப்புள்ளிக் கணக்கைச் சிப்பே போடும் என்று நம்பாத, பழைய ஐந்தாம் தலைமுறை ஆர்முக்கானது. தசமக் கூட்டல் ஒன்றுக்குக்கூட ஒரு துணை நிரலை அழைக்க வேண்டும். 2010இல் நெக்ஸஸ் ஒன் போன்ற ஏழாம் தலைமுறைச் சிப் போன்கள் வந்ததும் ஆர்மியேபி-வி7ஏ என்ற இரண்டாவது அடைவு பிறந்தது. வேகம் கூடியது, தொல்லையும் கூடியது. கல்லூரி மாணவர்கள் கையில் அன்று நிறையக் காணக்கிடைத்த சாம்சங் கேலக்ஸி ஒய், எச்டிசி வைல்ட்ஃபயர் எல்லாம் ஆறாம் தலைமுறை. ஏழுக்கான கோப்பை அங்கே ஓட்டினால், புரியாத கட்டளை என்று சிப் கைவிரிக்கும். செயலி சுவடில்லாமல் மறையும். ஏழுக்குள்ளும் ஒரு பிளவு: ஒரே கட்டளையில் பல எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் நியான் வசதி ஏழாம் தலைமுறைச் சிப்புகளில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மோட்டோரோலா ஸூம் டேப்லெட்டில் இருந்த என்விடியா டெக்ரா 2 அது இல்லாத ரகம். ஆக, ஓடும்போதே சிப்பைப் பார்த்து 'உனக்கு நியான் தெரியுமா' என்று கேட்டு, தெரியாது என்றால் வேறு பாதையில் போகும்படி எழுத வேண்டும்.

அந்தக் காலத்தில் எம்எக்ஸ் பிளேயரில் படம் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். செயலியை நிறுவியதும், 'உங்கள் போனுக்கு இந்தக் கோடெக் வேண்டும்' என்று இன்னொன்றையும் நிறுவச் சொல்லும். கடையில் போய்ப் பார்த்தால் ஆர்ம்வி6, ஆர்ம்வி7 நியான், எக்ஸ்86 என்று வரிசையாக நிற்கும். சிப் குடும்பம் என்ற ஒன்று இருப்பதே பலருக்கு அப்படித்தான் தெரியவந்தது.

இதில் ஆண்ட்ராய்டும் தன் பங்குக்கு விளையாடியது. இரண்டு அடைவும் இருந்தால், பொருத்தமானதைப் போன் தேர்ந்து நிறுவ வேண்டும் அல்லவா? 4.0.3 வரையிலான ஏழாம் தலைமுறைப் போன்கள் பழைய ஆர்மியேபி கோப்பையே நிறுவின. காரணம், பொட்டலத்துக்குள் ஆர்மியேபி அடைவு வி7ஏ அடைவுக்குப் பின்னால் வரிசையில் இருந்தது. பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்து உட்கார்ந்துகொண்டது. 4.0.4இல் சரிசெய்தார்கள். அதுவரை, வேகமான கோப்பைச் சிரமப்பட்டுச் செய்து சேர்த்தவர், தன் செயலி ஏன் மெதுவாகவே ஓடுகிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்.

ஒரே குடும்பத்துக்குள்ளேயே இவ்வளவு. இந்த நிலையில்தான் 2011 ஜூலையில் என்டிகேயில் எக்ஸ்86 சேர்ந்தது. 2012 மே மாதம் மிப்ஸ் என்ற இன்னொரு சிப் குடும்பமும் சேர்ந்தது.

•

மெட்ஃபீல்டைக் காட்டியபோது இன்டெல் சொன்ன கணக்கு இது: ஆண்ட்ராய்டு சந்தையில் இருக்கும் செயலிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெறும் டால்விக் குறியீடு, அவை எங்கள் சிப்பில் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடும். மிச்சம் கால் பங்குதான் ஆர்ம் எந்திரக் குறியீட்டைச் சுமந்துகொண்டிருக்கிறது.

கால் பங்கு என்றால் சிறிதாகத் தோன்றும். ஆனால் அந்தக் கால் பங்கில்தான் பிரபலமான விளையாட்டுகள் பெரும்பாலும் இருந்தன. ஒரு போனை வாங்கியவர் முதல் நாள் என்ன நிறுவுவாரோ, அது அந்தக் கால் பங்கில்தான் இருக்கும்.

இதற்கு இன்டெல் வைத்திருந்த மருந்தின் பெயர் ஹூடினி. சங்கிலியால் கட்டிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாலும் வெளியே வந்துவிடும் வித்தைக்காரர் ஹாரி ஹூடினியின் பெயர். செயலி ஓர் எஸ்ஓ கோப்பை ஏற்றச் சொல்லும்போது, அது ஆர்முக்கானது என்று தெரிந்தால் இயங்குதளம் அதை ஹூடினியிடம் தள்ளிவிடும். ஹூடினி ஆர்ம் கட்டளைகளைத் துண்டு துண்டாக எடுத்து எக்ஸ்86 கட்டளைகளாக மாற்றி ஓட்டும். மாற்றியதைச் சேமித்து வைத்துக்கொண்டு அடுத்த முறை அப்படியே பயன்படுத்தும். டெல்லியிலிருந்து வந்த தலைவரின் இந்திப் பேச்சை மேடையில் பக்கத்தில் நின்று வரிக்கு வரி தமிழாக்குபவரைப் போல. கூட்டத்துக்கு விஷயம் போய்ச் சேரும். ஆனால் அரை மணிப் பேச்சு ஒரு மணி ஆகும். ஜாவாப் பக்கத்திலிருந்து ஆர்ம் பக்கத்துக்கும் அங்கிருந்து இங்கும் போகும் ஒவ்வோர் அழைப்பையும் நடுவில் பிடித்து, இந்தக் குடும்பத்தின் அழைப்பு முறையை அந்தக் குடும்பத்தின் முறைக்கு மாற்றிக் கொடுப்பதும் அதே ஹூடினியின் வேலை.

வித்தை பலித்தது. அதுதான் வினையாகவும் முடிந்தது.

ஒரு விளையாட்டு நிறுவனத்தின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். உங்கள் விளையாட்டு ஆர்முக்காக எழுதப்பட்டது. இன்டெல் போன் ஒன்று வந்திருக்கிறது என்கிறார்கள். நிறுவிப் பார்க்கிறீர்கள், ஓடுகிறது. கொஞ்சம் சூடாகிறது, பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது. வாங்கியவர் போனைத்தான் திட்டுவார், உங்களையல்ல. எக்ஸ்86க்கென்று இன்னொரு தரம் கட்டி, சோதித்து, வெளியிட வேண்டிய அவசியம் என்ன?

சரி, நல்ல மனதோடு கட்டலாம் என்றே வைத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்டு கடையில் பொட்டலத்தின் உச்ச எடை அன்று 50 எம்பி. சிப் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் என்று சேர்த்தால் எடை ஏறும். தனித்தனிப் பொட்டலமாகப் போட்டால் பதிப்பெண்ணில் ஒரு கணக்கு இருக்கிறது: இன்டெல் போன் ஆர்ம் பொட்டலத்தையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால், எக்ஸ்86 பொட்டலத்தின் எண் எப்போதும் ஆர்ம் பொட்டலத்தின் எண்ணைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் இன்டெல் போனுக்கு ஆர்ம் பொட்டலமே போகும்; ஹூடினியே ஓட்டும்; நீங்கள் கட்டியது வீண்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருந்தது. ஒரு செயலிக்குள் நீங்கள் எழுதிய எஸ்ஓ ஒன்று இருக்கும். வெளியாரிடம் வாங்கிய விளம்பர நிரலகம், ஒலி நிரலகம், வரைபட நிரலகம் என்று நாலு எஸ்ஓ இருக்கும். உங்களுடையதை எக்ஸ்86க்குக் கட்டி அந்த அடைவில் போட்டுவிட்டீர்கள். வெளியார் கோப்பில் ஒன்று ஆர்முக்கு மட்டுமே இருக்கிறது. இன்டெல் போன் பொட்டலத்தைப் பார்க்கும்; எக்ஸ்86 அடைவு இருப்பதைக் காணும்; முழுச் செயலியும் எக்ஸ்86 என்று முடிவுசெய்து ஆர்ம் அடைவைத் திரும்பியும் பார்க்காது. செயலி திறக்கும், அந்த ஒரு கோப்பைத் தேடும், கிடைக்காமல் விழும். ஒரே ஓட்டத்துக்குள் பாதி எக்ஸ்86, பாதி ஹூடினி என்று கலந்தும் ஓட்ட முடியாது. ஆகவே எக்ஸ்86க்காக ஒன்றுமே செய்யாதவரின் செயலி ஓடியது. பாதி செய்தவரின் செயலி விழுந்தது. வெளியார் நிரலகம் ஒன்று தானாகவே எக்ஸ்86 கோப்பைச் சேர்த்துக்கொண்டு வந்ததால், அதைப் பற்றி எதுவும் அறியாதவர்களின் செயலியும் விழுந்தது. இணைக்க முடியாத பிழை என்ற அந்த ஒற்றை வரி, பதிவேட்டில் பார்த்தவர்களுக்கு மறக்காது.

முழுவதையும் கட்டி முடித்தவர்களுக்காவது நிம்மதி உண்டா? இல்லை. அவர்களுக்கு வேறு வகைப் பிழைகள் காத்திருந்தன. ஒரே சி நிரல், ஒரே வரி, இரண்டு சிப்பில் இரண்டு விடை.

சி மொழியில் ஓர் எழுத்தை வைக்கும் 'சார்' என்ற வகை, குறியுள்ள எண்ணா குறியற்ற எண்ணா என்பதை மொழியின் தரநிலை கம்பைலரிடமே விட்டுவிட்டது. ஆர்மில் அது குறியற்றது: 0 முதல் 255 வரை. எக்ஸ்86இல் குறியுள்ளது: -128 முதல் 127 வரை. ஆங்கில எழுத்துகள் எல்லாம் 127க்குள் அடங்கிவிடுவதால் ஆங்கிலத்தில் சோதித்தால் வித்தியாசம் தெரியாது. தமிழ் எழுத்தோ யுடிஎஃப்-8இல் மூன்று பைட். மூன்றுமே 127க்கு மேல். முதல் பைட் எப்போதும் 224. அந்த பைட்டை அப்படியே அட்டவணையின் வரிசை எண்ணாகப் பயன்படுத்தும் நிரல், ஆர்ம் போனில் 224ஆம் கட்டத்துக்குச் சரியாகப் போகும். எக்ஸ்86இல் அதே பைட் -32 ஆகிவிடும். அட்டவணைக்கு வெளியே, முன்னால், யாருடையதோ ஆன நினைவகத்தைத் தொடும். தமிழில் ஒரு வார்த்தை தட்டச்சு செய்து பார்க்காத சோதனையில் இந்தப் பக் சிக்கவே சிக்காது.

இன்னொன்று, நினைவகத்தில் பொருள்களை அடுக்கும் முறை. நான்கு பைட் எண் ஒன்று, பிறகு எட்டு பைட் எண் ஒன்று என்று ஒரு கட்டமைப்பை எழுதினால், ஆர்ம் நடுவில் நான்கு பைட் இடம் விட்டு மொத்தம் 16 ஆக வைக்கும். 32 பிட் எக்ஸ்86 ஒட்டியே வைத்து 12இல் முடித்துவிடும். விளையாட்டின் சேமிப்பை அந்தக் கட்டமைப்பாகவே கோப்பில் கொட்டிவைத்து, மறுபக்கம் வேறு சிப்பில் படித்தால், மூன்றாம் நிலையில் விட்டவர் எந்த நிலையில் எழுவார் என்று யாருக்கும் தெரியாது.

வகுத்தலில் ஒரு வேடிக்கை. முழு எண்ணைச் சுழியால் வகுத்தால் எக்ஸ்86 உடனே குறுக்கே நின்று செயலியையே கொன்றுவிடும். 64 பிட் ஆர்ம் ஒன்றும் பேசாமல் விடை சுழி என்று கொடுத்துவிட்டுப் போய்விடும். ஒருவரிடம் பக் சத்தம் போட்டுச் சாகிறது. மற்றவரிடம் தவறான விடையோடு நெடுநாள் வாழ்கிறது. இரண்டில் எது மேல் என்று கேட்டால் நான் சத்தம் போடுவதன் பக்கம்தான்.

நியான் கட்டளைகளைக் கையாலேயே எழுதியிருந்தவர்கள் அவற்றை இன்டெல்லின் எஸ்எஸ்இ கட்டளைகளாகத் திருப்பி எழுத வேண்டும். அந்தப் பாரத்தைக் குறைக்க இன்டெல் தானே ஒரு ஹெடர் கோப்பு எழுதிக் கொடுத்தது: நியான் பெயரில் அழைத்தால் உள்ளே எஸ்எஸ்இ ஓடும். அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் உழைக்காமல் இல்லை. ஆனால் கவனியுங்கள்: மேலே சொன்ன பக் எதுவும் ஹூடினியில் வராது. அது ஆர்ம் கம்பைலர் எழுதிய கட்டளையை ஆர்மின் பொருளிலேயே நிறைவேற்றுகிறது. அடுக்கும் முறை, குறி எல்லாம் ஆர்மின் வழக்கப்படியே இருக்கும். மறுபடி கட்டினால்தான் பக். சும்மா இருந்தால் சுகம்.

•

இவற்றை எல்லாம் எங்கே சோதித்தார்கள்?

ஆண்ட்ராய்டு எமுலேட்டர், ஃபாப்ரீஸ் பெல்லார் எழுதிய க்யூஎமு என்ற நிரலின் மேல் கட்டப்பட்டது. ஹூடினி போனில் செய்த வேலையை அது மேசைக் கணினியில் செய்தது: முழு ஆர்ம் போனையும் இன்டெல் கணினிக்குள் போலியாக நடத்திக் காட்டியது. முகப்புத் திரை வருவதற்குள் காபி குடித்துவிட்டு வரலாம். விளையாட்டைச் சோதிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த விஷயத்தில் ஆப்பிள் வேறு வழி பிடித்தது. ஐபோன் சிமுலேட்டர் எந்தச் சிப்பையும் போலி செய்யவில்லை. உங்கள் நிரலை மேக்கின் இன்டெல் சிப்புக்கே கம்பைல் செய்து, ஐபோன் போன்ற ஒரு சன்னலில் ஓட்டியது. படு வேகம், ஆனால் அங்கே நீங்கள் சோதித்தது வாடிக்கையாளர் கைக்குப் போகும் எந்திரக் குறியீட்டை அல்ல.

2012 வசந்தத்தில் ஆண்ட்ராய்டும் அந்தப் பக்கம் சாய்ந்தது. எக்ஸ்86 சிப்புக்கான ஆண்ட்ராய்டை எமுலேட்டரில் வைத்து, இன்டெல்லின் மெய்நிகராக்க வசதி வழியாகக் கணினியின் சிப்பிலேயே நேரடியாக ஓட்டலாம் என்று கொடுத்தார்கள். அதற்கான ஹேக்சம் என்ற இணைப்பு நிரலும் இன்டெல் தந்ததே. நிமிடங்கள் நொடிகளாயின. உலகெங்கும் நிரலாளர்கள் அதற்கு மாறினார்கள். கடைவீதியில் எக்ஸ்86 போன் நூற்றில் ஒருவர் கையில்கூட இருந்ததா என்பது சந்தேகம். நிரலாளரின் திரையிலோ எக்ஸ்86 போன்தான். எழுதியவர் ஒரு குடும்பத்தில் சோதித்தார். வாங்கியவர் வேறு குடும்பத்தில் ஓட்டினார்.

இதனால் தப்பிய பக்களில் மிகக் கொடியது நினைவக வரிசை பற்றியது. ஓர் இழை முதலில் தரவை எழுதுகிறது, பிறகு 'தயார்' என்று கொடியை ஏற்றுகிறது. இன்னோர் இழை கொடியைப் பார்த்துவிட்டுத் தரவை எடுக்கிறது. எக்ஸ்86இல் ஒரு கரு எழுதிய வரிசையிலேயே மற்றக் கருக்களுக்கும் தெரியும். முதலில் தரவு, பிறகு கொடி. ஆர்மில் அந்த உறுதி கிடையாது. வேலியென்று ஒரு கட்டளையை நடுவில் நட்டால்தான் உண்டு. நடாவிட்டால் கொடி முன்னால் தெரிந்து, தரவு பின்னால் வரலாம். எப்போதாவது. லட்சத்தில் ஒரு முறை. ஒற்றைக் கரு போன்கள் இருந்தவரை இது வெளியே தெரியவில்லை. 2011 தொடக்கத்தில் எல்ஜி ஆப்டிமஸ் 2எக்ஸ் போன்ற இரட்டைக் கரு போன்கள் வந்ததும் புதைத்து வைத்ததெல்லாம் மேலே வந்தது. ஆண்ட்ராய்டுக் குழு பல கரு நிரலாக்கத்துக்கென்றே நீண்டதொரு பாடக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. எக்ஸ்86 எமுலேட்டரில் இந்தப் பக்கை ஆயிரம் முறை தேடினாலும் அகப்படாது. அந்தச் சிப்பின் ஒழுங்கே அதை மறைத்துவிடும்.

ஹூடினிக்கு இதிலும் அதிர்ஷ்டம். ஒழுங்கு குறைந்த ஆர்மிலிருந்து ஒழுங்கு மிகுந்த எக்ஸ்86க்கு மொழிபெயர்ப்பது ஆபத்தில்லாத திசை. எதிர்த்திசையில் போனவர்கள் பட்ட பாடு தெரிய வேண்டுமானால் ஆப்பிளைப் பார்க்கலாம்: 2020இல் எக்ஸ்86 நிரல்களைத் தன் எம்1 சிப்பில் ஓட்டுவதற்காக, எக்ஸ்86இன் வரிசை ஒழுங்கையே ஒரு சிறப்பு முறையாகச் சிலிக்கனுக்குள் வைத்தது.

•

மற்றது பணக் கதை. சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். 2013இல் ஒட்டெலினி போய் பிரையன் கிர்ஸானிச் வந்தார். 2014இல் 4 கோடி டேப்லெட்டுகளில் இன்டெல் சிப் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்து, தயாரிப்பாளர்களுக்குக் கையிலிருந்து பணம் கொடுத்தே 4.6 கோடியில் ஏற்றினார்கள். அந்த ஆண்டு கைபேசிப் பிரிவின் நஷ்டம் 420 கோடி டாலர். அதே ஆண்டில் இந்தியாவில் 9,999 ரூபாய்க்கு வந்த ஆசுஸ் ஜென்ஃபோன் 5, எனக்குத் தெரிந்து இன்டெல் போன்களில் நம் மக்கள் விரும்பி வாங்கிய ஒன்று. வாங்கியவர்களில் உள்ளே இருப்பது ஆர்ம் இல்லை என்று தெரிந்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். தெரியாமலே ஓடியது என்பது ஹூடினிக்குப் பெருமை.

அந்த 2014 ஆகஸ்டில்தான் யூனிட்டி விளையாட்டுப் பொறியை எக்ஸ்86க்குக் கொண்டுவர இன்டெல்லும் யூனிட்டி நிறுவனமும் கைகோத்தன. மெட்ஃபீல்ட் போன் கடைக்கு வந்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. கைபேசி விளையாட்டுகளில் பெரும் பங்கு அந்தப் பொறியில் செய்தது. அத்தனையும் அதுவரை மொழிபெயர்ப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தன. டேப்லெட்டுக்குக் கொட்டிய பணத்தில் சிறு பங்கை 2012இலேயே பொறிகளுக்கும் வெளியார் நிரலகங்களுக்கும் கொடுத்து எக்ஸ்86 கோப்புகளைக் கட்டவைத்திருந்தால் கதை மாறியிருக்குமோ என்று தோன்றாமல் இல்லை. மாறாமலும் போயிருக்கலாம், மோடம் சிப்பில் குவால்காம் வைத்திருந்த பிடி தனிக் கதை.

2016 ஏப்ரலில் சோஃபியா, பிராக்ஸ்டன் என்ற அடுத்த கைபேசிச் சிப்புகளை இன்டெல் ரத்துசெய்தது. ஸோலோ எக்ஸ்900 வந்து சரியாக நான்கு ஆண்டு.

மிப்ஸின் கதை இன்னும் சுருக்கம். 2011 கடைசியில் சீனாவில் நூறு டாலருக்குக் குறைந்த ஐனோல் நோவோ 7 டேப்லெட்டும், அதன் பிறகு இந்தியாவில் கார்பன் ஸ்மார்ட் டேபும் அந்தச் சிப்போடு வந்தன. விலை மலிவு. விளையாட்டுகள் ஓடவில்லை. 2018இல் வந்த என்டிகே 17ஆம் பதிப்பு மிப்ஸையும், 2009இல் தொடங்கிய அந்த முதல் ஆர்மியேபி அடைவையும் சேர்த்து நீக்கியது.

எக்ஸ்86ஐ மட்டும் நீக்கவில்லை. அந்தச் சிப்பில் புதுப் போன் வருவது நின்ற பிறகும் என்டிகே அதற்குக் கட்டிக்கொண்டே இருக்கிறது. காரணம் எமுலேட்டர்; ஓரளவு குரோம்புக். 2020இல் ஆண்ட்ராய்டு 11இன் எமுலேட்டருக்குள் ஆர்ம் கோப்புகளை எக்ஸ்86இல் ஓட்டும் மொழிபெயர்ப்பியைக் கூகுளே வைத்துவிட்டதால், வெளியார் நிரலகத்தில் எக்ஸ்86 கோப்பு இல்லை என்ற பழைய சாக்கும் தேவையற்றுப் போனது. அதே ஆண்டு நவம்பரில் எம்1 மேக் வந்தது. அதை வாங்கிய நிரலாளரின் மேசைக் கணினியும் ஆர்ம், எமுலேட்டரும் ஆர்ம், வாடிக்கையாளரின் போனும் ஆர்ம். என்டிகே வந்து பதினோரு ஆண்டுக்குப் பிறகு சோதிக்கும் இடமும் ஓடும் இடமும் ஒரே குடும்பமாயின.

ஹூடினியும் சாகவில்லை. 2021 ஜூனில் விண்டோஸ் 11க்குள் ஆண்ட்ராய்டு செயலிகள் ஓடும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தபோது, ஆர்ம் கோப்புகளை இன்டெல் கணினியில் மாற்றி ஓட்டப்போவது இன்டெல் பிரிட்ஜ் என்ற நுட்பம் என்றார்கள். போனுக்காக எழுதிய வித்தையைப் புதுப் பெயரில் மேசைக் கணினிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அந்த ஏற்பாட்டை மூடியது.

இதற்கிடையில் ஆர்ம் குடும்பத்துக்குள்ளேயே ஒரு பெரிய இடப்பெயர்ச்சி நடந்துகொண்டிருந்தது. எந்திரக் குறியீட்டைச் சுமக்கும் புதுச் செயலிகளும் புதுப்பிப்புகளும் 2019 ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் 32 பிட்டோடு 64 பிட் கோப்புகளையும் சேர்த்துத் தந்தாக வேண்டும் என்று கூகுள் கெடு வைத்தது. அந்தக் கெடுவுக்கு யார் யார் எப்படி ஓடினார்கள் என்பது அடுத்த வாரம்.